பாட்டிலுக்கு ஒரு ஆள்

வசந்தாமணிங்களா? இல்லீங்களே. பி பிளாக்குல பல் டாக்டர் வீட்டுக்குப் போயிருக்கறா. பல்லுக்கு இல்லீங்க, பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்குது. வந்துருவா, நீங்க உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க.

சி பிளாக்குக்குப் புதுசா குடி வந்தவங்கதானே நீங்க? லாரி வந்து நின்னப்ப பார்த்தனுங்க. கையில என்னங்க அது, துணிப்பையில? பாட்டிலா? அதானே பார்த்தேன். பாட்டிலோட வர்றவங்க யாரும் இப்பெல்லாம் என்னைக் கேட்டு வர்றதில்லீங்க. கதவைத் திறந்ததும், அம்மா இருக்காங்களான்னுதான் கேக்கறாங்க. நான் என்ன, இந்த வீட்டு வாட்ச்மேனா? பரவாயில்லீங்க, உங்களைச் சொல்லலை. உக்காருங்க.

உங்க பேரு என்னங்க? சரி, இருங்க, அதை அப்புறம் கேட்டுக்கறேன். முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இந்த அபார்ட்மெண்ட்ல ஒயின்னா என்னன்னு சொல்லிக் கொடுத்ததே நான்தான். நாச்சிமுத்துன்னு காந்திபுரத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, மோட்டார் பம்பு டீலர். இப்ப கடையை மச்சினன் பாத்துக்கறான். நான் மத்தியானம் வரைக்கும் போயி, அவன் பாக்கறது சரியில்லைன்னு சொல்லிட்டு வந்துருவேன்.

என்ற பையன் அடிலெய்டுல இருக்கறான். போன வருசம் எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருந்தான். அங்க திராட்சைத் தோட்டத்தைச் சுத்திக் காட்டறதுக்குன்னே டூர் இருக்குதுங்க. காலையில வண்டியில ஏத்திட்டுப் போவான், பொழுதோட கொண்டாந்து விட்டுருவான். ஒரே நாள்தான். கத்துக்கறவனுக்கு ஒரு நாள் போதுமுங்க. கிளாஸை எங்க புடிக்கோணும், எந்தப் பக்கம் சுத்தோணும், மூக்கை எவ்வளவு தூரம் உள்ள உடோணும், எல்லாம் ஒரு வெள்ளைக்காரம்மா சொல்லிக் கொடுத்துச்சு. வாயில வெச்சுட்டு உதட்டைக் குவிச்சுக் காத்தை உள்ள இழுக்கோணும். சர்ருன்னு சத்தம் வரோணும், கொதிக்கற ரசத்தை உறிஞ்சற மாதிரி. எனக்கு முதல் தடவையே வந்துருச்சு. வசந்தாமணியும் வந்திருந்தா. ஆனா அவளுக்கு அதுல ஈடுபாடு இல்லீங்க. எல்லாருடைய பையையும் வாங்கி மடியில வெச்சுக்கிட்டு வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தா. யாராவது ஒருத்தர் பையைப் பாத்துக்கத்தானே வேணும்.

ஊருக்கு வந்ததும் ஆரம்பிச்சதுதான் நம்ம ஒயின் வட்டம். சனிக்கிழமை பொழுதோட, இதே ஹால்ல. குடிகாரங்க யாரும் இல்லீங்க. அதை நல்லாத் தெரிஞ்சுக்கோணும். கடையில கம்பிக்குள்ள கையை உட்டு வாங்கறானே அவன் வேற, நாங்க வேற. பல் டாக்டர் மோகனசுந்தரம் வருவாரு. அசோசியேஷன் தலைவர் ராஜாமணி வருவாரு, நூல் மில்லு வெச்சிருந்தவரு. காலேஜ்ல கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்து ரிட்டையர் ஆன ஸ்ரீதரன் சார் வருவாரு. எல்லாம் மரியாதைப்பட்ட ஆளுங்க. அவரவர் வீட்டுல இருந்து கிளாஸ் கொண்டாந்துருவாங்க, துணியில சுத்தி.

நான் ஒரு வழிமுறை வெச்சிருந்தனுங்க. முதல்ல பாட்டிலைத் திருப்பி, பின்னாடி எழுதியிருக்கறதை நான் படிப்பேன். படிச்சு, அர்த்தம் சொல்லுவேன். அதுக்கப்புறம்தான் மத்தவங்க கிளாஸைத் தொடோணும். என்ன ருசி வரப்போகுதுன்னு தெரியாம குடிச்சா ருசி எப்படிங்க வரும்?

பிளாக்பெர்ரின்னு போட்டிருக்கும். எங்கள்ல ஒருத்தரும் அந்தப் பழத்தைப் பார்த்ததில்லை. நாவப்பழம்னு நெனச்சுக்குங்கம்பேன். நெனச்சுக்குவாங்க. ஓக்குன்னு போட்டிருக்கும். தேக்குன்னு வெச்சுக்குங்கம்பேன். ராஜாமணி உடனே தன்ற வீட்டு வாசக்கதவு நெலம்பூர்த் தேக்குன்னு ஆரம்பிச்சிருவாரு. புகையிலை, ஈர மண்ணு, தோலுன்னு ஒரு பாட்டில்ல இருந்துச்சுங்க. டாக்டர் கேக்கறாரு, "தோலுன்னா எந்தத் தோலுங்க நாச்சிமுத்து? புதுச் செருப்பா, பழைய செருப்பா?" நான் சொன்னேன், "விலையைப் பாத்தா புதுசுதானுங்க டாக்டர்."

அவங்களுக்கும் அபிப்பிராயம் இருந்துச்சு, இல்லைங்கலை. டாக்டர் எதைக் குடிச்சாலும் ஃபில்லிங் போட்ட அன்னைக்கு வாயி இப்படித்தான் இருக்கும்பாரு. ப்ரொஃபசர் ஆசிட்டும்பாரு. எந்த ஆசிட்டுன்னு பேரும் சொல்லுவாரு. ராஜாமணி ஒவ்வொரு வாரமும், போன வாரத்தை விட நல்லா இருக்குதுங்கம்பாரு. ஒரு தடவை போன வாரம் மிச்சமான அதே பாட்டிலைத்தான் ஊத்திக் கொடுத்தேன். அப்பவும் போன வாரத்தை விட நல்லா இருக்குதுன்னாரு. தலைவரா இருக்கறதுன்னா சும்மாவா.

புரட்டாசி வந்தப்ப ஒரு சிக்கல் வந்துச்சு. சனிக்கிழமை கறி கிடையாது, முட்டை கிடையாது. ஒயின்? நான்தான் தீர்ப்பு சொன்னேன். திராட்சைப் பழம், சுத்த சைவம், பெருமாளுக்கு ஒரு ஆட்சேபணையும் இருக்காதுன்னேன். குளிச்சு நாமம் போட்டுட்டு வந்து குடிச்சாங்க எல்லாரும். கடைசி சனிக்கிழமை ப்ரொஃபசர் கிளாஸைக் கீழ வெச்சுட்டு மெதுவா சொல்றாரு, சில ஒயினைத் தெளிய வெக்கறதுக்கு முட்டை வெள்ளைக்கரு போடுவாங்க, சிலதுக்கு மீனோட உறுப்புல இருந்து எடுக்கற ஒரு பொருளைப் போடுவாங்கன்னு. மாசம் பூரா வாயைத் திறக்காம இருந்துட்டு, ஊத்திக்கிட்டதையும் குடிச்சு முடிச்சுட்டுச் சொல்றாருங்க. ராஜாமணி அடுத்த நாளே காரமடைப் பெருமாள் கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுட்டு வந்தாரு. எனக்கு என்னமோ அவருக்கு முடி முன்னாடியே கொட்டிட்டுத்தான் இருந்துச்சுன்னு நெனப்பு.

தண்ணி குடிக்கறீங்களா? வேண்டாமா? சரிங்க.

பாட்டிலை எங்க வெச்சிருந்தேன்னு கேளுங்க. குளிர்ச்சியா, இருட்டா, படுக்க வெக்கோணும்னு போட்டிருக்கும். இந்த வீட்டுலயே குளிர்ச்சியான இடம் பூஜை ரூம்புதான். அங்க வெக்கறதுக்கு வசந்தாமணி ஒத்துக்கலை. சரின்னு அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சு வெச்சனுங்க. மாங்காயை அரிசிக்குள்ள வெச்சா பழுக்குதில்லீங்களா, அது மாதிரி. முதிர்ச்சி வரும். அவ சோத்துக்கு அரிசி அள்ளறப்பெல்லாம் டம்ளர் பாட்டில்ல இடிக்கும். அந்தச் சத்தத்தைத் தவிர வேற ஒரு சத்தமும் அவகிட்ட இருந்து முதல் ஆறு மாசத்துல வந்ததில்லீங்க. முறுக்கு கொண்டாந்து வெப்பா, பஜ்ஜி கொண்டாந்து வெப்பா, போயிருவா.

பொம்பளைங்களையும் கூப்பிடலாம்னு சொன்னதும் நான்தான். அதைத்தான் இன்னைக்கு நெனச்சு நெனச்சு என்ற தலையில அடிச்சுக்கறேன். ஆம்பளைங்க மட்டும் உக்காந்தா குடிக்கறாங்கம்பாங்க, குடும்பத்தோட உக்காந்தா நாகரிகம்பாங்க, அதுக்காகச் சொன்னேன். டாக்டர் சம்சாரம் சுகந்தி, ராஜாமணி சம்சாரம், எல்லாரும் வந்தாங்க. ப்ரொஃபசருக்குச் சம்சாரம் இல்லீங்க, தவறிட்டாங்க. ஆளுக்கு ரெண்டு மடக்கு ஊத்தினேன். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. சரி, நம்ம வீட்டுக்காரியையும் ஒரு வார்த்தை கேட்டு வெப்போம், சபை நாகரிகம் பாருங்க, "வசந்தா, நீயும் குடிச்சுட்டு சும்மா ஏதாவது சொல்லு, தப்பா இருந்தா நான் திருத்தி விடறேன்"னேன்.

அவ ஒரு மடக்குக் குடிச்சா. கிளாஸைச் சுத்தலை, மோந்து பாக்கலை, காத்தை இழுக்கலை. வாயைத் தொடைச்சுட்டுச் சொல்றா, "நம்ம கோபி அண்ணி மாதிரி இருக்குதுங்க. வாசல்ல வரையில சிரிச்சுக்கிட்டே வருவாங்க. உள்ள வந்து உக்காந்தப்புறம்தான் ஒண்ணொண்ணா ஆரம்பிக்கும்."

கோபி அண்ணின்னா என்ற கூடப்பொறந்த அக்கா. எங்க அக்காளைத் தெரியாதவங்கதான் அங்க பாதிப்பேரு. ஆனா எல்லாரும் இன்னொரு மடக்குக் குடிச்சுட்டு, அதேதான், அதேதாங்கறாங்க. டாக்டர் எந்திரிச்சு நின்னு சொல்றாரு, "ஆமாங்க, இப்பத்தான் ஆரம்பிக்குது." எனக்கு எப்படி இருக்கும்? கோபிச்செட்டிபாளையத்துல தான் உண்டு தன்ற மாடு உண்டுன்னு இருக்கற பொம்பளை, இங்க பாட்டில்ல அடைபட்டுக் கெடக்குது. அந்த பாட்டில் பின்னாடி செர்ரிப் பழம்னு போட்டிருந்துச்சுங்க. தெளிவா போட்டிருந்துச்சு. நான் எடுத்துக் காட்டினேன். ஒருத்தரும் பாக்கலை.

எங்க அக்கா அப்படியெல்லாம் இல்லீங்க. கொஞ்சம் இருக்கும். அது வேற விசயம்.

அடுத்த வாரத்துல இருந்து நான் படிக்கறப்பவே எல்லாரும் அவளைப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் இங்க ஈர மண்ணு, வெனிலான்னு அர்த்தம் சொல்லிக்கிட்டு இருக்கறேன், அங்க சுகந்தி அவ கையில கிளாஸைத் திணிக்குது. "அக்கா, நீங்க சொல்லுங்க, இது யாரு?" பாருங்க, இது என்னன்னு கேக்கலை. இது யாருன்னு கேக்குது.

ரோஸ் கலர்ல ஒண்ணு இருக்குமில்லீங்களா. அதுக்கு அவ, "கல்யாண மண்டபத்துல பன்னீர் தெளிக்க நிக்க வெப்பாங்களே, அந்தப் பொண்ணு. சிரிப்பு நல்லா இருக்குது. அதுகிட்டப் போயி பந்தி எங்கன்னு கேட்டாத் தெரியாது"ன்னா. வெள்ளை ஒயினு ஒண்ணு, ஜில்லுன்னு வெச்சிருந்தேன். "இது நம்ம டாக்டருங்க. வலிக்காது வலிக்காதுன்னு சொல்லிக்கிட்டே உள்ள போகுது. போனப்புறம் வலிக்குது." டாக்டர் இருக்கறாரே, கோவிச்சுக்குவாருன்னு நான் பதறிப் போனேன். அவரு அதை க்ளினிக்குல வர்ற ஆளுங்ககிட்டெல்லாம் சொல்லிச் சிரிக்கறாரு. நுரை வர்ற ஒயினைத் தலைவருன்னா. மைக்குக் கெடைச்ச மாதிரி பொங்கி வருது, அடங்கினப்புறம் பாத்தா கிளாஸ்ல பாதிதான் இருக்குதுன்னா. ராஜாமணி சந்தோசத்துல அந்த பாட்டிலையே இன்னும் ரெண்டு வாங்கிட்டு வந்தாரு.

ப்ரொஃபசருக்கு ஒரு துவர்ப்பான சிவப்பு. குடிச்சா நாக்கு மேல ஒட்டிக்கும். வசந்தாமணி சொன்னா, "முதல்ல கசக்குதுங்க, நடுவுலயும் கசக்குதுங்க. எந்திரிச்சுப் போனப்புறம்தான், இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்னு தோணுது. நம்ம ஸ்ரீதரன் சாரு." அந்த மனுசன் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. போகும்போது காலி பாட்டிலைக் கேட்டு வாங்கிட்டுப் போனாரு. அவரு வீட்டு ஷோகேஸ்ல, சம்சாரம் போட்டோவுக்குப் பக்கத்துல வெச்சிருக்கறாரு, வேணும்னா போயிப் பாருங்க.

இப்படி ஒவ்வொருத்தருக்கா பாட்டில் வந்துருச்சு. எனக்கு மட்டும் வரலை.

உங்களுக்கு இது சின்ன விசயமாத் தெரியும். முப்பத்து நாலு வருசம் கூட இருக்கறவன் நான். அந்த ஹாலு என்னுது, பாட்டிலு நான் வாங்கிட்டு வந்தது, கார்க்கைத் திறக்கறதும் நான்தான். மாடியில தண்ணித் தொட்டி கழுவ வர்றவனுக்குக் கூட ஒரு பாட்டில் சொல்லிப்போட்டா. எனக்கு இல்லை. நான் வெளிய காட்டிக்கலை. ஆனா உள்ளுக்குள்ள ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, இவ என்னைப் பத்தி என்ன சொல்லுவா? தூக்கத்துலயும் அதுதான், பம்பு விக்கறப்பவும் அதுதான்.

அதுனால நான் ஒரு காரியம் பண்ணினேன். எனக்குப் பொருத்தமான பாட்டிலை நானே தேட ஆரம்பிச்சேன். மால்ல இருக்கற கடைக்காரர்கிட்டப் போயி, "நல்ல கம்பீரமா, கொஞ்சம் வயசான, ஆனா தெம்பு கொறையாத ஒயினாக் கொடுங்க"ம்பேன். அவரு யாருக்குங்க பரிசான்னு கேப்பாரு. கொண்டாந்து ஊத்தி, அவ குடிக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக் கொடுப்பேன். "பாரு வசந்தா, கெட்டியா இருக்குது. ஆனா நம்பலாம். ஒரு பொறுப்பு தெரியுது. யாரு மாதிரி இருக்குது?" அவ குடிச்சுப் பாத்துட்டு ஸ்டேட் பேங்க் மேனேஜருங்கறா. இன்னொண்ணுக்கு, புதுசா சீல் போட்ட சிலிண்டருங்கறா. அது ஆளே இல்லீங்க.

ஒருக்கா பெங்களூருக்குப் போனப்ப ரொம்பப் பெரிய ஒயினு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். கருஞ்சிவப்பு. இதுதான் நான்னு எனக்கே தோணிருச்சு. அவ ஒரு மடக்குக் குடிச்சா. அப்புறம் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "எங்க ஐயன் மாதிரி இருக்குதுங்க"ன்னா. ஐயன்னா அவ அப்பா. "சத்தமே போடாது. நாம பேசி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே இருக்கும். முடிச்சப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொல்லும், அது போதும்."

சுகந்தி போயி அவ கையைப் புடிச்சுக்கிச்சு. எனக்கு வந்ததே கோவம். எங்க மாமனாரு யாருங்கறீங்க? அவினாசிக்கு அக்கட்டால நாலு ஏக்கரா சோளக்காடு. ஒரு தடவை ஈரோட்டைத் தாண்டிப் போயிருப்பாரான்னு சந்தேகம். எங்க வீட்டுக்கு வந்தா பேச்சே இருக்காது, நான்தான் பேசிக்கிட்டு இருப்பேன், அவரு தலையாட்டிக்கிட்டு இருப்பாரு. பெங்களூரு வரைக்கும் போயி நான் தேடிப் புடிச்சு வாங்கிட்டு வந்த பாட்டிலு, அவரு பேருக்குப் போயிருச்சு பாருங்க.

இருங்க, என்னமோ சொல்ல வந்தீங்க. உங்க வீட்டம்மா கொடுத்து விட்டாங்களா பாட்டிலை? ஆபீஸ்ல கொடுத்ததா. சரி சரி. நான் இதை முடிச்சர்றேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.

வட்டம் ஆரம்பிச்சு ஒரு வருசம் ஆச்சுன்னு விழா வெச்சேன். பையன்கிட்டச் சொல்லி, அன்னைக்கு டூர் போன அதே தோட்டத்துல இருந்து ஒரு பாட்டில், அவன் சிநேகிதன் வர்றப்பக் கொடுத்தனுப்பச் சொல்லியிருந்தேன். அந்த வெள்ளைக்காரம்மா கையெழுத்துப் போட்டிருந்துச்சு. காலையிலயே சமையல்கட்டுக்குப் போயி வசந்தாமணிகிட்டச் சொல்லிப்போட்டேன். "இன்னைக்கு எல்லாரும் வர்றாங்க. அந்த பாட்டிலைக் குடிச்சுட்டு நீ என்னைச் சொல்லோணும்." வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தா. நிமிரலை. "குடிச்சுப் பாத்தாத்தானுங்களே தெரியும்"னா. "என்னத்தைத் தெரியறது? நல்ல ஒயினு, அதைச் சொல்லு, போதும்"னேன். சரிங்கன்னா.

பொழுதோட நான் ஒரு அரை மணி நேரம் பேசினனுங்க. அந்தத் தோட்டம், அந்த மண்ணு, பீப்பாய், நான் எப்படிக் கத்துக்கிட்டேன், எல்லாம். பஜ்ஜி ஆறிப் போச்சுன்னு யாரோ சொன்னாங்க, நான் நிறுத்தலை. அப்புறம் ஊத்தி, முதல் கிளாஸை அவ கையில நானே கொடுத்தேன். எல்லாரும் குனிஞ்சு அவ வாயையே பாக்கறாங்க.

குடிச்சா. "நல்ல ஒயினுங்க"ன்னா.

யாரு மாதிரிங்கன்னு டாக்டர் கேட்டாரு. "யாரு மாதிரியும் இல்லீங்க. ஒயின் மாதிரி இருக்குது"ன்னா. அதுக்குக் கை தட்டறாங்க. ப்ரொஃபசரு, "இதுக்கு மேல ஒரு ஒயினுக்கு என்னங்க பாராட்டு வேணும்"கறாரு. ஒயினு ஒயின் மாதிரி இருக்குதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு, அதுக்குக் கைத்தட்டலு. நான் சொல்லியிருந்தா தட்டியிருப்பாங்களா?

அப்பத்தான் சுகந்தி வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம கேட்டுருச்சு. "அது சரிங்கக்கா, எல்லாருக்கும் சொல்லிட்டீங்க. அண்ணன் எந்த பாட்டிலு?"

நான் நிமிர்ந்து உக்காந்தேன். பொய் சொல்லக்கூடாது, நெஞ்சு அடிச்சுக்குச்சு. பொண்ணு பாக்கப் போனப்பக் கூட அப்படி அடிச்சுக்கலை. அன்னைக்கு நான்தானே முடிவு சொல்லோணும், அவளா சொல்லப்போறா.

வசந்தாமணி தரையைப் பாத்தா. அப்புறம் கிளாஸையெல்லாம் எடுத்துத் தட்டுல அடுக்கினா. குடிச்சு முடிக்காதவங்க கிளாஸையும் எடுத்துட்டா. "அவரு இதுல வேண்டாம், விடுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா.

உடனே எல்லாரும் சிறுவாணித் தண்ணி சரியா வர்றதில்லைன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. அன்னைக்குத் தண்ணி நல்லாத்தான் வந்துச்சு.

அடுத்த வாரமே வட்டத்தைக் கலைச்சுட்டேன். ஈரலுக்கு ஆகாதுன்னு சொன்னேன். அவங்க பேசி வெச்ச மாதிரி டாக்டர் வீட்டுல ஆரம்பிச்சுட்டாங்க. இவளும் போறா. நான் தடுக்கலீங்க, நான் அந்த மாதிரி ஆளு இல்லை. சமைச்சு மூடி வெச்சுட்டுத்தான் போறா. போயி ஒரு மணி நேரத்துல வந்துருவா. அங்க யாரும் பாட்டில் பின்னாடி எழுதியிருக்கறதைப் படிக்கறதே இல்லையாம். கேள்விப்பட்டேன். எங்க போயி முடியுமோ. இப்ப நீங்க வந்திருக்கற மாதிரி வேற ஆளுங்களும் தேடி வர்றாங்க. மால் கடைக்காரரே என்னைப் பாத்தா, அந்தச் சிவப்புக்கு அம்மா என்ன சொன்னாங்கங்கறாரு.

ஆனா ஒண்ணுங்க. நான் மனசுல வெச்சுக்கற ஆளு இல்லை. போன செவ்வாக்கெழமை காலையில நேராவே கேட்டுட்டேன். அவ அடுப்புல காப்பிக்குப் பால் வெச்சிருந்தா. நான் வாசப்படியில நின்னுக்கிட்டு, "யாருமில்லை இங்க, நீயும் நானும்தான். ஊருல இருக்கறவனுக்கெல்லாம் சொல்றயே. முப்பத்து நாலு வருசம் ஆச்சு. என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிப்போடு. எதுன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்"னேன்.

ஒரு மடக்குல பதில் சொல்றவ அவ. அன்னைக்கு முதல்ல அடுப்பை அணைச்சா. சீலையில கையைத் தொடைச்சா. என்ற மூஞ்சியை நேராப் பாத்தா. அவ அப்படிப் பாத்து ரொம்ப நாளாச்சு, நானும் பாத்ததில்லை. என்னமோ சொல்ல வந்தா, நிறுத்திக்கிட்டா. அப்புறம் மெதுவா சொன்னா.

"பழகிடுச்சுங்க."

அவ்வளவுதான். காப்பியை ஆத்தி என்ற கையில கொடுத்துட்டுத் துணி காயப் போடப் போயிட்டா.

நான் அப்படியே நின்னுட்டனுங்க. யோசிச்சுப் பாருங்க. அக்காளுக்கு ஒண்ணு சொன்னா, டாக்டருக்கு ஒண்ணு சொன்னா, அவ அப்பனுக்கே கூட ஒண்ணு சொன்னா. இத்தனை பாட்டில் குடிச்சாளே, ஒரு பாட்டிலுக்காவது அந்த வார்த்தையைச் சொன்னாளா? எனக்குன்னே வெச்சிருந்திருக்கறா. பிடிச்சிருக்குதுன்னு யாரு வேணும்னாலும் யாருக்கு வேணும்னாலும் சொல்லலாம். நல்லா இருக்குதுன்னு ராஜாமணி ஓட்டை பாட்டிலுக்குக் கூடச் சொல்லுவாரு. பழகிடுச்சுன்னு சொல்றதுக்கு எவ்வளவு ஆழம் வேணும் பாருங்க. அடுத்த நாள் காலையில வாக்கிங்ல டாக்டர்கிட்டயும் ப்ரொஃபசர்கிட்டயும் சொன்னேன். டாக்டர் குனிஞ்சு ஷூ லேஸைக் கட்ட ஆரம்பிச்சுட்டாரு. ப்ரொஃபசர் என்ற தோளைத் தட்டிட்டு முன்னாடி நடந்து போயிட்டாரு. பொறாமை இருக்கத்தான் செய்யும், பாவம், தனி ஆளு.

நீங்களும் ஏனுங்க தரையையே பாத்துக்கிட்டு இருக்கறீங்க? லிஃப்ட்டுச் சத்தம் கேக்குது, அவளாத்தான் இருக்கும். நான் இதையெல்லாம் சொன்னேன்னு சொல்லிராதீங்க, அவளுக்குக் கூச்சம். பாட்டிலை எடுத்து மேசை மேல வெய்யுங்க, நான் கிளாஸ் கொண்டாறேன். உங்களுக்குக் கல்யாணம் ஆயி எத்தனை வருசம் ஆச்சு? மூணா? வீட்டம்மாகிட்ட இந்த மாதிரி கேட்டதுண்டா? கேளுங்க, பயப்படாதீங்க. ஆனா எடுத்தவுடனே எனக்குச் சொன்ன வார்த்தையைச் சொல்லோணும்னு எதிர்பாக்காதீங்க. அதுக்கெல்லாம் முப்பத்து நாலு வருசம் ஆகுமுங்க.